கையாலைக்கு மேற்கே

அன்புள்ள மக்கா,

ஓணத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய கடிதம். திட்டாதே, தப்பு என் பக்கம்தான். இங்கே எல்லோரும் சுகம். மழை விடாததால் ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. உபதேசியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. யார் பூசைக்கு வரவில்லை என்று இப்போது கடைசி பெஞ்சு வரை தெரிகிறதாம்.

சரி, நீ போனில் கேட்ட காரியத்துக்கு வருகிறேன். பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை அன்றைக்கு நீயும் நன்மை வாங்க வேண்டும். ஆனால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து 22 வருஷமாகிறது. தினமும் மூன்று மணிக்கு இறை இரக்க ஜெபமாலை சொல்கிறாயே, அது போதாதா என்றாய். போதாது. இறை இரக்க ஞாயிறுக்கு, மன்னித்த பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனை முழுவதையும் நீக்கும் பரிபூரண பலன் கொடுத்து 2002-ல் ரோமையிலிருந்து ஆணை வந்ததே, அதிலும் பாவசங்கீர்த்தனம், நன்மை, பாப்பரசர் கருத்துக்காக ஜெபம் என்று நிபந்தனை வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஜெபமாலையைத் தந்த புனித பவுஸ்தீனம்மாளைக் காட்டித் தப்பிக்கப் பார்க்காதே. அந்த மாலையில் 'அகில உலகின் மேலும் இரக்கமாயிரும்' என்று ஐம்பது தடவை உருட்டுகிறாய். அந்த அகில உலகத்தில் உன் தம்பி வீடும் சேர்ந்ததுதான், எல்லைச் சுவராகிய கையாலைக்கு மேற்கே பத்து எட்டில் கிடக்கிறது.

திருவிழாக் கூட்டத்தில் போய் வரிசையில் நிற்காதே. பின்னால் முப்பது பேர் நிற்க, 22 வருஷத்தை எப்படிச் சொல்லுவாய்? கிழமை நாளில் சாமியாரிடம் முன்கூட்டிச் சொல்லி அரைமணி நேரம் கேள். சொந்தப் பங்குச் சாமியார் முகத்தைப் பார்க்கக் கூச்சமென்றால் வேறு பங்குக்குப் போ, தடையே இல்லை. வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படாதே. கேட்டதை வெளியே சொன்ன குரு அந்த நொடியே திருச்சபைக்குப் புறம்பாகிவிடுவார். அதை நீக்கும் அதிகாரம் ரோமைக்கு மட்டும்தான்.

ஞானோபதேசத்தில் சின்னக் குறிப்பிடத்தில் படித்த ஐந்து காரியமும் அப்படியேதான் இருக்கிறது: ஆத்தும சோதனை, செய்ததற்கு வருந்துகிற மனஸ்தாபம், இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். மந்திரம் மறந்துபோச்சு என்றாயே, அது பெரிய காரியமில்லை; சாமியார் எடுத்துக் கொடுப்பார். எத்தனை வருஷம் ஆயிற்று என்பதை முதலிலேயே சொல்லிவிடு, மீதியை அவர் கேட்டு வாங்குவார். சாவான பாவத்துக்கு, அதாவது கனமான பாவத்துக்கு, வகையும் எண்ணிக்கையும் வேண்டும். எண்ணிக்கை நினைவில்லையென்றால் 'மாதத்துக்கு ஒன்றிரண்டு ஞாயிறு பூசை விட்டேன்' என்ற அளவில் போதும். மறந்துபோன பாவத்துக்கும் சேர்த்தே பொறுத்தல் கிடைக்கும், நினைவு வந்தால் அடுத்த தடவை சொல்லிக்கொள். தெரிந்தே ஒன்றை மறைத்தால்தான் மொத்தமும் பழுது.

பெரும்பாலும் கெடுவது எங்கே தெரியுமா? 'அவன் இப்படிச் செய்தான், அதனால் நான்...' என்று ஆரம்பிக்கிற இடத்தில். உன் தம்பியின் பாவசங்கீர்த்தனத்தை நீ போய்ச் செய்துவிட்டு வராதே, கேட்டியா.

இப்போது உன் தம்பியின் அயினி மரம். அவன் ஒன்றரை சென்ட் உள்ளே தள்ளிக் கையாலை வைத்தான், அதற்குப் பதில்தான் மரத்தை முறித்து விற்றேன், கணக்கு நேராகிவிட்டது என்றாய். போனில் நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரியெல்லாம் அதுதான் மண்டையில் ஓடிக்கொண்டு கிடந்தது. இரண்டும் வேறு வேறு கணக்கு, மக்கா. மரம் அவனுடையது, விற்ற காசும் அவனுடையது. கையில் அதை வைத்துக்கொண்டே மனஸ்தாபப்படுகிறேன் என்றால் சாமியார் கேட்பார், கேட்க வேண்டும். சக்கேயுவிடம் ஆண்டவர் ஒரு காசும் கேட்கவில்லை; நாலு மடங்கு தருகிறேன் என்று அவன்தான் வாய் திறந்தான். நாலு மடங்கு வேண்டாம், விற்ற விலையைக் கொடு. யாருக்கும் தெரியாத திருட்டென்றால் சாமியார் வழியாக ரகசியமாகச் சேர்க்கலாம். உன் மரக்கதை ஊருக்கே தெரியும், நீயே கொண்டுபோய்க் கொடு. கொடுக்கும்போது கையாலைப் பேச்சை எடுக்காதே.

அப்போ என் ஒன்றரை சென்ட் போச்சா என்று குதிப்பாய். போகவில்லை. மத்தேயு சுவிசேஷம் 18-ல் கடன்பட்ட ஊழியன் உவமையை எடுத்துப் பார். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஆறாயிரம் தெனாரியம். அவன் ராஜாவுக்குப் பட்ட கடன் பத்தாயிரம் தாலந்து, என்றால் ஆறு கோடி நாள் கூலி. ராஜா அவ்வளவையும் தள்ளுபடி செய்தார். வெளியே வந்தவன் நூறு தெனாரியத்துக்கு ஒருத்தன் கழுத்தைப் பிடித்தான். நூறு நாள் கூலி ஏழைக்குச் சில்லறையா? அந்தக் கடன் பொய் என்று ஆண்டவர் எங்கேயும் சொல்லவில்லை. அவன் பிடித்த கழுத்தைத்தான் பேசுகிறார். நீ சர்வேயருக்கு மனு கொடு, அளந்து கல் நாட்டு. அதில் பாவம் ஒன்றுமில்லை. அவன் மகள் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்ததையும், அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது 'கிடக்கட்டும்' என்றதையும் அளக்க சர்வேயர் வரமாட்டான். அதைக் கொண்டுபோய்ச் சொல்.

மனசில் கோபம் மிச்சமிருந்தால் மன்னிப்பு ஆகாதோ என்றும் கேட்டாய். கோபம் தன்பாட்டில் வரும், போகும். அவனுக்குக் கெடுதல் நினைக்காமல், எதிரே வந்தால் முகம் திருப்பாமல், அவன் பேரைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம் சொல்ல முடிகிறதா பார். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரும். ஆண்டவர் ஏழு எழுபது தடவை மன்னி என்றது அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. ஒரே ஆளை ஒரே காரியத்துக்குத் தினமும் மன்னிக்க வேண்டிவருகிறது.

மச்சான் சி.எஸ்.ஐ. ஆள், புரோட்டஸ்டன்ட் சபைக்காரர், 'நாங்கள் நேரே ஆண்டவரிடமே சொல்லிக்கொள்வோம்' என்று கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். மரக்காசு கதையைச் சொன்னால் அவரும் என் பக்கம்தான் நிற்பார்.

புதுநன்மைக்கு ஒரு வாரம் முன்பே வா, வந்து சேர்ந்த அன்றே பாவசங்கீர்த்தனத்துக்கு உட்காரலாம் என்று நினைக்காதே. கோயம்புத்தூரிலிருந்து எனக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். பட்டா நகலும் மரம் விற்ற சீட்டும் மட்டும் எடுத்துக்கொள்.

உன் பழைய பெஞ்சுக்காரன்