மூளை சொல்லியா இதயம் துடிக்குது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இந்த வாரம் ஹெல்த் பக்கத்துல இதயத்துடிப்பு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா "மூளை கட்டளை போடுது, இதயம் துடிக்குது"ன்னு ஒரு வரி இருக்கே, அங்கதான் இடிக்குது. இதய மாற்று ஆபரேஷன் பண்ணவங்கள எடுத்துக்கோங்க. தானமா வந்த இதயத்தோட நரம்பெல்லாம் அறுபட்டுதான் வருது, டாக்டருங்க ரத்தக்குழாயத்தான் தைக்கறாங்க, நரம்ப இல்ல, ஆனாலும் அது பாட்டுக்கு நிமிஷத்துக்கு 90, 100னு துடிக்குது. மூளைக்கும் அதுக்கும் அப்போ என்ன தொடர்பு?

துடிப்ப ஆரம்பிச்சு வைக்கறது இதயத்தோட வலது மேலறையில இருக்கற சைனஸ் நோட்ங்கற சின்ன செல் கூட்டம், 1907ல கீத், ஃப்ளாக்னு ரெண்டு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சது. கீழறைத் தசை செல் ஒரு தடவ துடிச்சுட்டா அடுத்த சிக்னல் வர்ற வரைக்கும் அதோட வோல்டேஜ் (செல்லுக்கு உள்ளயும் வெளியயும் இருக்கற மின்னழுத்த வித்தியாசம்) மைனஸ் 90 மில்லிவோல்ட் கிட்ட சிவனேன்னு கிடக்கும். சைனஸ் நோட் செல்லுக்கு சும்மா இருக்கவே வராது. வோல்டேஜ் மைனஸ் 60 கிட்ட இறங்கினதும் ஹெச்சிஎன்4ங்கற சேனல், அதாவது செல் சவ்வுல அயனி போக வர இருக்கற கதவு, திறந்துக்கும், சோடியம் அயனி கொஞ்சம் கொஞ்சமா உள்ள கசியும், வோல்டேஜ் மெல்ல ஏறும், கூடவே கால்சியமும் சேந்து தள்ளும், மைனஸ் 40 கிட்ட வந்ததும் எல்-டைப்னு இன்னொரு வகை கால்சியம் சேனல் திறந்து ஒரே ஏத்தம், அதான் சிக்னல். அப்புறம் பொட்டாசியம் வெளிய போயி வோல்டேஜ மறுபடி இறக்கும், இறங்கினா கசிவு திரும்ப ஆரம்பம். மத்த சேனல் நெறைய வோல்டேஜ் ஏறினாத்தான் திறக்கும், இந்த ஹெச்சிஎன் சேனல் இறங்கினா திறக்குது. 1979ல டிஃபிரான்செஸ்கோங்கற விஞ்ஞானியும் கூட இருந்தவங்களும் இத பாத்துட்டு "ஃபன்னி கரன்ட்" (விசித்திரமான மின்னோட்டம்)னே பேரு வச்சுட்டாங்க.

அப்போ மூளைக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு, வேகத்த கூட்டிக் குறைக்கற வேலை. பயந்தா அட்ரினலின் வரும், செல்லுக்குள்ள சேதி கொண்டு போற சைக்ளிக் ஏஎம்பிங்கற மூலக்கூறு கூடும், அது நேரா போயி அந்த ஹெச்சிஎன் சேனல்லயே ஒட்டிக்கும், கசிவு வேகமாகும். மூளையிலேர்ந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்பு விடற அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனம் தனியா ஒரு பொட்டாசியம் சேனல திறந்து வோல்டேஜ கீழ இழுக்கும். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, எந்த நரம்பும் தொடாம விட்டா சைனஸ் நோட் 100 கிட்ட ஓடும், நாம சும்மா உக்காந்திருக்கறப்ப 70ன்னு காட்டுதுன்னா வேகஸ் இழுத்துப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். கட்டுரையில இருக்கறதுக்கு நேர் எதிர்!

இது தெரிஞ்சா மாத்திரை விஷயத்துலயும் குழப்பம் வராது. ஐவாபிரடின்ங்கற இதய மாத்திரை இந்த ஹெச்சிஎன் சேனலத்தான் அடைக்குது, அதனால துடிப்பு குறையுது. விழித்திரையிலயும் இதே குடும்பத்து சேனல் இருக்கறதால அத சாப்பிடற சில பேருக்கு கண்ணுல திடீர்னு வெளிச்சம் மின்னும், கண்ணே போச்சுன்னு பயந்து தானா மாத்திரைய நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லணும். அடுத்த வாரம் சின்னதா ஒரு திருத்தமாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்