அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு, நன்றி சொல்லணும்

எல்லாருக்கும் வணக்கம். நேத்து அப்பாவ டிஸ்சார்ஜ் பண்ணி கூட்டிட்டு வந்துட்டோம். மலக்குடல் கேன்சருக்கு ரெண்டாவது ஆபரேஷனும் முடிஞ்சுது, மொத ஆபரேஷனப்போ மலம் வெளிய வந்து சேர்றதுக்கு வயித்துல மாட்டியிருந்த பை இனி இல்ல. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி மாளல, அதான் இங்க மொத்தமா எழுதுறேன். பேரு யாருதும் போடல, யாருன்னு உங்களுக்கே தெரியும்.

ஆறேழு மாசமா ரத்தம் போச்சு, மூலம்னு சொல்லி ஒரு இடத்துல மாத்திரையும் களிம்புமா குடுத்துட்டே இருந்தாங்க, ஒரு தடவகூட விரல் விட்டுப் பாக்கல, நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற கொலோனோஸ்கோப்பி எடுத்தே ஆகணும்னு அடம் பிடிச்சது சித்தப்பாதான். சித்தப்பா, மொத நன்றி உங்களுக்கு. மலக்குடல் கேன்சர்னு வந்துச்சு, வாரத்துக்கு அஞ்சு நாள்னு 25 கரண்ட் (கதிர்வீச்சு), கூடவே கீமோ மாத்திரை, அந்த அஞ்சு வாரமும் விடியகாலைல ஆட்டோ ஓட்டுன எதிர்வீட்டு அண்ணனுக்கு என்ன குடுத்தாலும் ஈடாகாது.

அப்புறம் சர்ஜன் சார். ரோபோன்னு சொன்னதும் அப்பா "மெஷின் வெட்டுமா, நமக்கு ஆகாதுப்பா"ன்னு எந்திரிச்சுட்டாரு. சார் சிரிக்காம உக்கார வச்சு சீட்டுக்குப் பின்னாடி படம் போட்டாரு. மேல் வயிறு அண்டா மாதிரி அகலம், அங்க சின்ன ஓட்ட வழியா விடுற லேப்ராஸ்கோப்பி குச்சியே போதும், மண்ணீரல் பக்கம் ஒட்டியிருக்க பெருங்குடல அவுத்து இறக்குறது, ரத்தக்குழாய கட்டுறது எல்லாம் அதுலயே முடிஞ்சிரும். கீழ இடுப்பெலும்புக்குள்ள வாய் குறுகுன செம்பு, ஆம்பளைக்கு இன்னும் குறுகல், நேர்க் குச்சி அதுக்குள்ள திரும்பாது, அதனால அங்க மட்டும் ரோபோ, அதோட நுனி மணிக்கட்டு மாதிரி சுழலும், ஆனா ஓட்டுறது நான்தான், நான் கைய எடுத்தா அது நின்னுரும்னாரு. மொத்தமும் ரோபோலயே பண்ணக்கூடாதான்னு நான் கேட்டேன். எங்க மெஷின மேல ஒரு வாட்டி கீழ ஒரு வாட்டி மாத்தி மாட்டணும், அந்த நேரம் வீணும்மான்னாரு. அதோட விடல, 2017ல வந்த பெரிய ஆராய்ச்சில 471 பேர வச்சுப் பாத்தாங்க, பாதில வயித்தத் திறக்க வேண்டி வந்தது லேப்ராஸ்கோப்பிய விட ரோபோல கொஞ்சம் கம்மிதான், ஆனா அடிச்சுச் சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்லன்னு அவரே சொன்னாரு. சரக்கு விக்கிறவன் இப்படிப் பேசமாட்டான். அப்பா கையெழுத்து போட்டது அதுக்கப்புறம்தான்.

மயக்க டாக்டர் மேடம், தலைய கீழ சாய்ச்சுப் படுக்க வச்சுதான் பண்ணுவோம், வெளிய வரும்போது மூஞ்சி வீங்கியிருக்கும், பயந்துராதீங்கன்னு முன்னாடியே சொல்லி வச்சீங்க பாருங்க, அது மட்டும் சொல்லலன்னா அம்மா அங்கயே மயங்கி விழுந்திருப்பாங்க. ரத்தம் குடுக்க வந்த தம்பிங்க ரெண்டு பேருக்கும், நைட்டெல்லாம் முகம் சுளிக்காம டியூப் பாத்த வார்டு அக்காங்களுக்கும் நன்றி.

கடைசியா பை மாட்டச் சொல்லிக்குடுத்த சிஸ்டர். மொத நாள் அப்பா குனிஞ்சு பாக்கவே மாட்டேன்னுட்டாரு. நீங்க அவர் கையிலயே கத்தரிக்கோல குடுத்து, அளவெடுத்து, ரெண்டு மில்லிமீட்டர் பெருசா ஓட்ட வெட்டுங்கப்பான்னீங்க. தையக்கடைக்காரரு, ஒரே வெட்டுல வட்டம் சரியா வந்துச்சு, அன்னைக்குத்தான் லேசா சிரிச்சாரு. மூணுல ஒரு பங்கு நெறஞ்சதும் கொட்டிரணும், உப்பும் தண்ணியும் நெறைய வெளிய போகும், கஞ்சில உப்பு தூக்கலா போடணும்னு நீங்க சொன்னத அம்மா காலண்டர் பின்னாடி எழுதி வச்சிருக்காங்க. இப்ப நாளைக்கு அஞ்சாறு தடவ பாத்ரூம் ஓடுறாரு, கொஞ்சம் கொஞ்சமா கொறையும்னு சார் சொல்லியிருக்காரு.

சிஸ்டர், உங்க வளைஞ்ச கத்தரிக்கோலு இன்னும் எங்க வீட்லதான் இருக்கு. வியாழக்கிழமை ஓபிக்கு வரும்போது கொண்டு வர்றேன், அப்பா சாணை புடிச்சு வச்சிருக்காரு.