அம்மா ரூம் பல்பு விஷயமா

டேய் சேகர்,

உன் வாய்ஸ் மெசேஜ அன்னிக்கே கேட்டுட்டேன்டா, பெரியவளுக்கு காலேஜ் அட்மிஷனுக்கு அலைஞ்சதுல பதில் போட நேரமே இல்ல, ஒருவழியா திருச்சியிலயே சீட் கெடைச்சிருச்சு, ஹாஸ்டல் செலவு மிச்சம்னு இவளுக்கு ஒரே சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?

சரி, பல்பு மேட்டர். கண்ணாடி மூடின டோம் லைட்டுன்னு நீ சொன்னதுமே எனக்கு வெளிச்சத்த விட சூடுதான் யோசனையா இருக்கு. உள்ள அதிகபட்சம் 60 வாட்னு ஸ்டிக்கர் இருக்கு, அப்ப 20 வாட் எல்இடி தாராளமா போடலாமேன்னு கேட்ட, கணக்குப்படி சரிதான், ஆனா அது குண்டு பல்பு காலத்து ஸ்டிக்கர், குண்டு பல்பு நல்லாவே சூடு தாங்கும், எல்இடிக்கு அடியில குட்டியா ஒரு சர்க்யூட் இருக்கு, காத்து போகாத எடத்துல சூடு தேங்குனா அதுல கரண்ட சேத்து வைக்கிற கெபாசிட்டர்ங்கிற சின்ன பாகம் சீக்கிரம் காஞ்சிரும், அப்புறம் மினுக்கு மினுக்குன்னு கண்ணடிக்க ஆரம்பிச்சிரும். 9 வாட் போதும்டா, பழைய 60 வாட் வெளிச்சம் வந்துரும், டப்பாவுல வெளிச்சத்தோட அளவு 800 லூமன் பக்கம் இருக்கான்னு பாரு, மூடின ஃபிட்டிங்குக்கு ஆகாதுன்னு சிலதுல பொடி எழுத்துல போட்டிருப்பான் அதையும் படி, பிஐஎஸ்ங்கிற அரசு தர முத்திரையும் ஆர்னு ஆரம்பிக்கிற நம்பரும் இல்லாத ப்ளாட்பாரம் சரக்கு வேண்டவே வேண்டாம்.

ஆஃப் பண்ண பிறகும் லேசா எரியுதுன்னியே, அதுதான் எனக்கு உறுத்துது. சுவிட்ச்ல இண்டிகேட்டர் லைட் இருந்தா அப்படி எரியும், அது பரவால்ல. இல்லேன்னா எவனோ கரண்ட் வர்ற ஃபேஸ் வயர விட்டுட்டு, அது திரும்பிப் போற நியூட்ரல் வயர்ல சுவிட்ச் போட்டிருப்பான், அப்ப ஆஃப்ல கூட ஹோல்டர்ல கரண்ட் இருக்கும். அதனால மெயின ஆஃப் பண்ணாம ஸ்டூல் மேல ஏறாத, எலக்ட்ரீஷியன கூப்பிட்டு டெஸ்டர் வச்சு பாக்க சொல்லு. ஹோல்டர் பழுப்பேறி விரிசல் விட்டிருந்தா அதையும் அப்பவே மாத்திரு.

அம்மா ராத்திரிக்கு ஜீரோ வாட் பல்பு கேட்டாங்கன்னு சொன்ன இல்ல, பேருதான் ஜீரோ, அந்தப் பழைய பல்பு 15 வாட் வரை இழுக்கும், அரை வாட் எல்இடி வாங்கிக் குடு.

ஹோல்டர் பின் டைப்பா ஸ்க்ரூ டைப்பான்னு சொல்லவே இல்லையே, ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு. அம்மாவ கேட்டதா சொல்லு.

ரவி