கிளிப்புக்கு ஒரு பூட்டு கொடுங்கள்: எங்கள் ஒலி எடிட்டிங் மென்பொருளை உருவாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கை லேசாகப் பட்டாலே கிளிப், அதாவது திரையில் உள்ள ஒலித்துண்டு, நகர்ந்துவிடும் பிரச்சினை உங்களுக்குப் புதிதல்ல. பல பேர் பல முறை எழுதியாயிற்று. ஒவ்வொரு முறையும் ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வருகிறது. அடுத்த பதிப்பும் வருகிறது, பூட்டு மட்டும் வரவில்லை. போன வாரம் நடந்ததற்குப் பிறகு இதைப் பொதுவில் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஒரு பெரியவரின் நேர்காணல். அவருக்கு ஒரு மைக், கேள்வி கேட்பவருக்கு ஒரு மைக், ஆளுக்கொன்றாக இரண்டு டிராக் (ஒலித்தடம்). ஒரே அறை என்பதால் அவர் குரல் இவர் மைக்கிலும் கொஞ்சம் விழுந்திருக்கும். இரண்டு டிராக்கும் நேராக நிற்கும்வரை அது காதில் உறுத்தாது. எங்கள் எடிட்டர் மற்றதன் ஒலியை அடக்கி, பெரியவரின் டிராக்கை மட்டும் சோலோவில் போட்டு இரைச்சல் நீக்கிக்கொண்டிருந்தார். ஒரு கிளிப்பைத் தேர்ந்தெடுக்கக் கிளிக் செய்தார். விரலை எடுப்பதற்குள் மவுஸ் ஒரு துளி அசைந்திருக்கிறது. உங்கள் மென்பொருள் அதை இழுத்ததாக எடுத்துக்கொண்டது.

ஒரு நிமிடப் பேச்சை 1800 பிக்சல் அகலத்துக்கு விரித்து வைத்திருந்தால் ஒரு பிக்சல் என்பது 33 மில்லிநொடி. இரண்டு பிக்சல் நகர்ந்தால் 67. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் சோலோவை எடுத்துவிட்டுக் கேட்டால், பெரியவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இன்னொரு முறை கேட்கிறது. அந்த இடத்திலிருந்து கடைசிவரை அப்படித்தான். நாங்கள் கண்டுபிடித்தபோது கோப்பைச் சேமித்து மூடி, மறுபடி திறந்திருந்தோம். செய்ததைத் திரும்பப் பெற உதவும் அன்டூ வரிசை போய்விட்டது. எவ்வளவு நகர்ந்தது என்பதற்கும் எங்கும் பதிவு இல்லை. அதற்குப் பிறகு இரண்டு டிராக்கையும் சேர்த்து வெட்டிய இடங்களில், ஒரு பக்கம் சொல்லின் வால் அறுந்திருந்தது. மூலப் பதிவு கையில் இருந்ததால் பேச்சு தப்பியது. எடிட்டரின் உழைப்பு தப்பவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பூட்டு. அதைப் போட்டால் மவுஸ் தேர்ந்தெடுக்கலாம், ஓடவிடலாம். எதையும் நகர்த்தக் கூடாது.

இது முடியாத காரியமும் அல்ல. ப்ரோ டூல்ஸ் என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் கிளிப்பின் இடத்தை மட்டும் பூட்ட டைம் லாக் இருக்கிறது, வெட்டவும் முடியாதபடி பூட்ட எடிட் லாக் இருக்கிறது. ஒரு கிளிப்பை அசைத்தால் மற்றவையும் தாமாக நகரும் ஷஃபிள் முறைக்குள் தவறிப்போய் நுழைந்துவிடாமலிருக்க அந்தப் பொத்தானையே பூட்டி வைக்கலாம். ரீப்பர் என்ற இன்னொரு மென்பொருளில் எதையெல்லாம் பூட்டுவது என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். மவுஸ் சக்கரம், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களைத் தொடவே கூடாது என்றும் சொல்லி வைக்கலாம். உங்களிடமோ டிராக்குகளை மேலும் கீழும் உருட்டும்போது சுட்டி ஒரு ஃபேடர்மேல் வந்து நின்றால் போதும், உருளுவது நின்று ஒலியளவு மாறத் தொடங்குகிறது. அந்த மாற்றம் அன்டூவிலும் சேர்வதில்லை.

கிளிக் எப்போது இழுப்பாக மாறலாம் என்பதற்கு விண்டோஸே இயல்பாக 4 பிக்சல் இடம் விடுகிறது. மென்பொருள் உருவாக்கப் பயன்படும் க்யூட்டி (Qt) நிரல் நூலகத்தில் அது 10. உங்கள் டைம்லைனில் ஒரு பிக்சலே போதுமானதாக இருக்கிறது.

இதற்கு நேரமில்லை என்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு பதிப்பிலும் புது நிறம், புது ஐகான், போன பதிப்பில் இருந்த இடத்தில் இல்லாத மெனு. இவற்றுக்கெல்லாம் நேரம் இருந்திருக்கிறது. சந்தா உயர்ந்த மாதம்கூட அறிவிப்பு சரியான நாளில் வந்துசேர்ந்தது. கை நடுங்கும் வயதில் இந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து டச்பேடில் எடிட் செய்பவர்களும் இருக்கிறார்கள். இழுத்துச் செய்யும் வேலையை இழுக்காமலும் செய்ய வழி இருக்க வேண்டும் என்று வலைப்பக்கங்களுக்கான அணுகல் நெறிமுறை 2023இலேயே சொல்லிவிட்டது. நாங்கள் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. இழுக்க நினைக்காதபோது நகராமல் இருந்தால் போதும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கருவிப்பட்டையில் கண்ணில் படும்படி ஒரு பூட்டுப் பொத்தான், அதற்கு ஒரு குறுக்குவிசை. எத்தனை பிக்சல் தாண்டினால் இழுப்பு என்பதை நாங்களே அமைத்துக்கொள்ள வசதி. ஃபேடர்களில் சக்கரத்தை நிறுத்திவைக்க ஒரு தேர்வு, ஃபேடர் அசைவுக்கும் அன்டூ. எல்லாம் உடனே முடியாது என்றால், தயவுசெய்து பூட்டை மட்டுமாவது முதலில் கொடுங்கள்.

அடுத்த பதிப்பில் அது வருமா, வராதா என்று ஒரு வரி பதில் எழுதுங்கள். வராது என்றாலும் சொல்லிவிடுங்கள். அடுத்த நேர்காணலை எதில் எடிட் செய்வது என்று நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

நன்றி.

இப்படிக்கு,
நேர்காணல் பதிவுகளைத் தொகுக்கும் ஒரு சிறிய ஸ்டுடியோவிலிருந்து