சுகம் வந்தபின்னும் நிறுத்தக்கூடாத குளிசை

ஆசிரியருக்கு வணக்கம்.

இதயம் பெருத்தவர்களுக்கான மருந்துகள் பற்றிக் கடந்த வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். உப்பு, தண்ணீர் அளவு பற்றியெல்லாம் விளக்கமாக எழுதியவர், பீட்டா புளொக்கருக்கு வந்ததும் 'நாடித்துடிப்பைக் குறைக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பிழையில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு நின்றுவிடுவதால்தான் எங்கள் பக்கத்துச் சனம் இந்தக் குளிசையை இடைநடுவில் கைவிடுகிறது.

மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் பலருக்கு இது 'பிரசர் குளிசை'. கிளினிக்கில் பிரசர் நோர்மல் என்றால், பிறகு எதற்குக் குளிசை என்று தோன்றத்தானே செய்யும்? கிளினிக் நாள் அருவி வெட்டுக்குள் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதயம் சோரும்போது உடம்பு நோரட்ரினலின் என்ற ஓமோனைச் சுரந்து அதை முடுக்குகிறது. களைத்த மாட்டைக் கேட்டிக்கம்பால் அடித்து உழுகிற கதைதான். இது மாதக்கணக்கில் நீடித்தால் இதயத்தசைக் கலங்களுக்குள் மரபணு வெளிப்பாடே மாறிவிடுகிறது. மரபணு அப்படியே இருக்கும். எந்தப் புரதத்தை எவ்வளவு ஆக்குவது என்ற கணக்குத்தான் மாறும். வேகமாகச் சுருங்க உதவும் அல்பா மயோசின் என்ற தசைப் புரதம் குறைந்து, மெதுவான பீட்டா மயோசின் கூடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கல்சியத்தைக் களஞ்சியத்துக்குத் திருப்பி இறைக்கும் 'சேர்கா' புரதமும் குறைகிறது. கல்சியம் விலகாவிட்டால் தசை ஒழுங்காகத் தளராது. உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மரபணு வெளிப்பாடு புதிதல்ல. வீட்டில் அம்மம்மா போடும் குளிசையோடு அதைப் பொருத்திப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதயம் விரிந்த 53 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு இந்த முடுக்கலைத் தடுக்கும் பீட்டா புளொக்கர்களான மெட்டோபுரோலோல் அல்லது கார்விடிலோலும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசையும் கொடுத்தார்கள். தொடக்கத்திலும் ஆறு மாதம் கழித்தும் இதயத்தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மருந்தால் இதயத்தின் இறைக்கும் திறன் கூடியவர்களிடம் அல்பா மயோசினுக்கும் சேர்காவுக்குமான செய்திக்காவி ஆர்.என்.ஏ. (புரதத்தை ஆக்கச் சொல்லி மரபணுவிலிருந்து போகும் செய்தி) கூடியிருந்தது, பீட்டா மயோசினுடையது குறைந்திருந்தது. நாடித்துடிப்பு குறைவது மட்டுமல்ல, கலத்துக்குள்ளும் மாற்றம் நடக்கிறது என்பதை இது காட்டுகிறது.

இது ஒரு கிழமையில் நடக்கிற வேலையல்ல. கார்விடிலோலை 3.125 மில்லிகிராமில் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் கூட்டுவார்கள். எங்கள் அயலில் ஓர் அக்கா 6.25 குளிசையைப் பாக்குவெட்டியால் பாதியாக வெட்டி, மீதியைப் பஞ்சில் சுற்றி வைத்துப் போட்டார். முதல் கிழமைகளில் களைப்புக் கூடியதும் 'இது எனக்கு ஒத்துவராது' என்று விட்டுவிட்டார். அந்தக் களைப்பு வரக்கூடியது, சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார், அல்லது வைத்தியரிடமாவது கேட்டிருப்பார். ஒருகாலத்தில் வைத்தியர்களே சோர்ந்த இதயத்துக்கு இதைக் கொடுக்கப் பயந்தவர்கள்தான். 1975இல் சுவீடனில் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் இரண்டில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகுதான் அந்தப் பயம் போனது.

சரி, சுகமாகிவிட்டது, இனி விடலாமா? லண்டனில் 51 பேரை வைத்து இதையும் பார்த்திருக்கிறார்கள். இதயம் பழைய நிலைக்குத் திரும்பி, எந்த வருத்தமும் இல்லாமல் இருந்தவர்கள். வைத்தியரின் கண்காணிப்பிலேயே, பீட்டா புளொக்கர் உட்பட இதய மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தியவர்களில் 44 வீதமானோருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்து போட்டவர்களில் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. கிளினிக்குக்குப் போகாமல், திடீரென்று விடுவது இதைவிட ஆபத்து.

இதை வாசித்துவிட்டு யாரும் பக்கத்து வீட்டுக் குளிசையை வாங்கிப் போட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கார்விடிலோல் கூடாது.

உங்கள் பக்கத்தில் அடுத்த முறை ஓர் இதய வைத்திய நிபுணரைக் கொண்டு இதை விரிவாக எழுதுவியுங்கள். பார்மசிகளில் குளிசைப் பையில் 'காலை 1, இரவு 1' என்று எழுதுகிற கையோடு 'இதயத்துக்கு, கேட்காமல் நிறுத்த வேண்டாம்' என்றும் தமிழில் எழுதிவிடலாம். அதற்குப் பேனை மை கூடச் செலவாகாது.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
மல்லாவி.