எங்கள் குளத்துச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், இந்தத் தடவை பாதிக்கூட்டத்தை நிரப்பியிருக்கும் அம்மணிகளுக்கும் வணக்கமுங்க.

மாதக் கூட்டங்கள் நடந்தன. வைகாசியில் முகூர்த்தங்களால் ஆள் சேரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் திறக்கப்பட்டது. நம் அப்பன்மார் காலத்துக் கோரிக்கை. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றில் மிகையாக ஓடும் நீரில் ஒன்றரை டி.எம்.சி.யை (150 கோடி கன அடி) எடுத்து, ஆறு இடங்களில் மோட்டாரால் மேலேற்றி, 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் விடுவது ஏற்பாடு. காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டில் மேடு பள்ளம் பார்த்து வளைந்து வளைந்தே போனது. நாம் ஆற்றுக்கு மேட்டில் இருப்பவர்கள், மோட்டார் இல்லாமல் ஆகாது. ஆனால் ஆற்றில் மிச்சம் இருந்தால்தான் நமக்குத் தண்ணீர். பவானிசாகர் அணை முழு மட்டமான 105 அடியைத் தொடாத வருசத்தில் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. குழாய் வந்துவிட்டதென்று ஓடையை மறந்துவிட்டோமே, அதுதான் என் வருத்தம்.

சென்ற ஐப்பசியில் அந்த ஒரு ராத்திரி மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். மேல்காட்டுத் தண்ணீர் ஓடையில் இறங்கி, தார் ரோட்டுக் குழாய்ப் பாலத்தில் சீமைக் கருவேலமும் சாக்குப் பையும் அடைத்துக்கொள்ள, திரும்பிக் கீழ்வீதிக்குள் புகுந்தது. விடிந்தபோது அங்கே இடுப்பளவு கறை. நனைந்த மக்காச்சோள மூட்டைகள் நாலு நாளில் முளைவிட்டன. குளத்திலோ இரண்டு படிக்கட்டு ஏறியதோடு சரி. ஊரை நனைத்த தண்ணீர் குளத்துக்கு வரவில்லை.

புல வரைபடத்தில் ஓடை 40 லிங்க்ஸ், அதாவது 26 அடிக்கும் மேல். தரையில் ஒரு ஆள் தாண்டிவிடலாம். மனைப்பிரிவுக்கு மண் கொட்டியது ஒரு பக்கம். சோளத்தட்டுப் போர் வைத்தது நம் உறுப்பினர்கள், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அளந்து தரச் சொல்லி மூன்று மனு கொடுத்தோம். ஆவணியில் வருவதாகச் சொன்னவர்கள் மார்கழி வரை வரவில்லை.

வண்டல் அள்ளும்போது கரையோரக் கிணற்றில், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையின் கயிறு அறுத்த பள்ளத்தோடு ஒரு கல் கிடைத்தது. நம் மூத்த உறுப்பினர் விரலை அதில் வைத்து, “எங்கய்யன் ஓட்டின கவலைங்க” என்றார். அதே கிணற்றுக்குப் பக்கத்தில் இன்று ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு. அந்தக் கல்லை மதகுப்பக்கம் நட்டிருக்கிறோம்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஓடையில் இறங்குகிறோம். ஜே.சி.பி. வாடகையில் பாதி சங்கம் தரும், மீதி ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது குளத்துப் பாசன நிலக்காரர்கள். தட்டுப்போர் வைத்திருப்பவர்கள் அதற்குள் எடுத்துவிட வேண்டும். பெயர் படிக்க வைக்காதீர்கள்.