இலக்கத்தை மறைக்காதீர்கள்: லண்டன் ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் இயங்கும் என்.எச்.எஸ் (அரச சுகாதார சேவை) ஆஸ்பத்திரிகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். இந்த மடலின் ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியாக வரும். ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் உங்களிடம் வைத்தியம் பார்க்கும் எங்கள் சனமும் வாசிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

உங்கள் கிளினிக்குகளில் பல இன்னமும் இலக்கத்தை மறைத்தே கோல் எடுக்கின்றன. சில போன்களில் 'பிரைவேட் நம்பர்' என்று விழும், ஐபோனில் 'நோ காலர் ஐடி'. எடுக்கத் தவறினால் அதோடு சரி, திருப்பி எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. கடைசியாக எடுத்தவரின் இலக்கத்தைச் சொல்லும் 1471ஐ வீட்டுப் போனில் அடித்தாலும், அழைத்தவர் இலக்கத்தை மறைத்துவிட்டார் என்பதுதான் பதில். மறைத்த இலக்கத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளை எங்கள் பிள்ளைகள் இறக்கிக் கொடுக்கிறார்கள். அவற்றால் பயனில்லை. உங்கள் இலக்கம் 'காட்டாதே' என்ற குறிப்போடு தொலைபேசி வலையமைப்புக்குள் பயணிக்கிறது. எங்கள் போனுக்கு வருமுன் தொலைபேசி நிறுவனம் அதை நீக்கிவிடுகிறது. போனுக்கே வராத ஒன்றைச் செயலி எங்கிருந்து எடுக்கும்? அவசர இலக்கமான 999க்கு மறைத்து எடுத்தாலும் அவர்களுக்கு இலக்கம் தெரியும். ஆக, மறைப்பது உங்கள் பக்கத்தில் யாரோ செய்துவைத்த ஏற்பாடு. மாற்றவும் உங்களால் முடியும்.

என் அம்மாவுக்கு இதயப் பரிசோதனைக்கான நாளைச் சொல்ல இப்படித்தான் கோல் வந்திருக்கிறது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். பிறகு நான் ஆஸ்பத்திரியின் பொது இலக்கத்துக்கு எடுத்தேன். "எந்தப் பிரிவில் இருந்து எடுத்தார்கள்?" என்று கேட்டார்கள். அது தெரிந்தால் நான் ஏன் பொது இலக்கத்துக்கு எடுக்கிறேன்? இரண்டு பிரிவுகளுக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, மற்றதில் பதிவுக் குரல். கொஞ்ச நாளில் ஒரு கடிதம்: உங்களைத் தொடர்புகொள்ள முயன்றோம், முடியவில்லை, உங்கள் ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) திருப்பி அனுப்புகிறோம். அப்புறம் புதிய ரெஃபரல், திரும்பவும் வரிசையின் வால். சிகிச்சை 18 வாரத்துக்குள் தொடங்கவேண்டும் என்பது என்.எச்.எஸ் தானே வைத்த அளவுகோல். அந்த வாரங்களைத் தவறிய ஒரு கோல் இப்படித் தின்றுவிடுகிறது. கடிதத்தில் இருந்த "முயன்றோம்" என்ற சொல் எனக்கு இன்னும் கோபம் தருகிறது. திருப்பி எடுக்க வழி வைக்காமல் எடுப்பது பாதி முயற்சிதான்.

அம்மா போனை எடுத்திருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? தெரியாத இலக்கத்தை எடுக்காதீர்கள், எடுத்தாலும் சொந்த விவரம் சொல்லாதீர்கள் என்று வங்கியும் பொலிசும் கோவில் மண்டபத்துக் கூட்டங்களும் முதியவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்கின்றன. உங்கள் ஊழியரோ இலக்கத்தை மறைத்து எடுத்து, பெயர் சொல்லாமலே முதலில் பிறந்த திகதியையும் விலாசத்தின் முதல் வரியையும் கேட்கிறார். மோசடிக்காரர் கேட்பதும் அதையேதான். புத்தியுள்ள கிழவி போனை வைத்துவிடுவாள், வைக்கவும் வேண்டும். ஆங்கிலம் ஓடாதவர்கள் என்றால் பேரப்பிள்ளை பள்ளியால் வரும்வரை ஒன்றுமே செய்ய முடியாது. பேரப்பிள்ளை வந்த பிறகு எடுக்க இலக்கமும் இல்லை. ஐபோனில் தெரியாத அழைப்புகளை மௌனமாக்கும் வசதி 2019இல் வந்தது. அதை பிள்ளைகளே அம்மா அப்பாவின் போனில் போட்டுவிடுகிறார்கள், நல்ல எண்ணத்தோடுதான். உங்கள் கோல் அங்கே மணிகூட அடிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2016 மே மாதத்திலிருந்து இந்த நாட்டில் விற்பனைக்காக எடுக்கிறவர்கள் தங்கள் இலக்கத்தை மறைக்கக்கூடாது என்பது சட்டம். யன்னல் கண்ணாடி விற்கிறவர் இலக்கத்தைக் காட்டவேண்டும், இதய கிளினிக் காட்டத் தேவையில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். நோயாளியின் இரகசியம் முதலாவது. கணவனுக்கோ மாமியாருக்கோ தெரியாமல் ஒரு பெண் கிளினிக்குக்குப் போகலாம். போனில் விழும் இலக்கம் அவளைக் காட்டிக்கொடுக்கக்கூடாது. மிகவும் நியாயம். அப்படியான கிளினிக்குகள் மறைத்தே எடுக்கட்டும், வேறு நோயாளியும் தனக்கு அது வேண்டும் என்றால் கேட்டுப் பதிந்துகொள்ளட்டும். ஆனால் கண் கிளினிக்குக்கும் முழங்கால் கிளினிக்குக்கும் அதே பூட்டு எதற்கு? எல்லோரும் திருப்பி எடுத்தால் பொது இலக்கம் தாங்காது என்பது இரண்டாவது காரணம். இப்போதும் நாங்கள் அங்கேதான் எடுக்கிறோம், எந்தப் பிரிவென்று தெரியாமல், இரட்டிப்பு நேரம் செலவழித்து.

வழி இருக்கிறது. தொலைபேசித் துறையை ஒழுங்குபடுத்தும் ஆஃப்கொம்மின் விதிகளில், கோல் புறப்படும் இணைப்பின் இலக்கம் வேறு, எடுக்கப்பட்டவருக்குக் காட்டும் இலக்கம் வேறு. திருப்பி எடுக்கக்கூடிய, உங்களுக்கு உரிமையுள்ள இலக்கமாக இருந்தால் அதைக் காட்டலாம். எந்த அறையில் இருந்து எடுத்தாலும் ஆஸ்பத்திரி முழுவதுக்கும் ஒரே இலக்கம் விழும்படி செய்யுங்கள். அதற்குத் திருப்பி எடுத்தால், பிறந்த திகதியை வைத்து யார் எதற்காக எடுத்தார் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் இருக்கட்டும். அதற்காக, ஒவ்வொரு பிரிவும் தான் எடுத்த கோலைக் கணினியில் ஒரு வரி பதியவேண்டும். செலவு அங்கேதான் வரும், மறுக்கவில்லை. வங்கிகள் 2021இல் 159 என்ற குறுகிய இலக்கத்தைத் தொடங்கின; சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு அதற்கு எடுத்து உங்கள் வங்கியோடு கதைக்கலாம். போட்டி வங்கிகளே ஒன்றுசேர்ந்து செய்ததை ஒரே என்.எச்.எஸ் செய்யமுடியாதா?

அதுவரைக்கும் இரண்டைச் செய்யுங்கள். கோல் எடுக்குமுன் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: இன்று இந்த ஆஸ்பத்திரியிலிருந்து இலக்கம் தெரியாத கோல் வரும், தவறினால் இந்த இலக்கத்துக்கு எடுங்கள் என்று. மற்றது, மறைத்த இலக்கத்திலிருந்து எடுத்து பதில் வராத கோலை, நோயாளியை ஜிபியிடம் திருப்பி அனுப்பக் காரணமாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

உங்கள் நோயாளர் உதவிப் பிரிவான பால்ஸுக்கும் இதன் படி போகிறது. பதிலைக் கடிதமாகவே அனுப்புங்கள். போனில் சொல்வதென்றால், தயவுசெய்து இலக்கம் தெரியும்படி எடுங்கள்.

இப்படிக்கு,
ஹரோவிலிருந்து ஒரு நோயாளியின் மகள்